தர்மபுரித் தம்பிக்கு அவரை விதை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் வாசகர் பக்கத்தில் தர்மபுரியிலிருந்து ஓர் இளைஞர் எழுதிய கடிதத்தைப் படித்ததிலிருந்து என் மனம் ஒரு நிலையில் இல்லை. சொந்தக்காரரிடம் ஐந்து சென்ட் இடம் கேட்டு வாங்கி இரண்டு வருடம் காய்கறி போட்டாராம். முதல் வருடம் தக்காளியில் இலைச்சுருட்டு வந்தது. அடுத்த வருடம் முளைத்ததையெல்லாம் மயில் கொத்திவிட்டது. இந்த மாசியில் யாரோ படலைத் திறந்து போட்டுவிட்டுப் போக, ஆடுகள் புகுந்து வெண்டையை மொட்டையடித்துவிட்டன. மண்வெட்டியைக் கழுவிப் பரண்மேல் போட்டுவிட்டேன், இனி அந்தப் பக்கமே போக மாட்டேன் என்று முடித்திருந்தார்.

மண்வெட்டியைக் கழுவி வைத்தேன் என்று அவர் எழுதிய இடத்தில் நான் நின்றுவிட்டேன். வெறுத்துப்போனவர்கள் மண்வெட்டியைக் கழுவ மாட்டார்கள், மண்ணோடு மூலையில் வீசிவிடுவார்கள். கழுவித் துடைத்து வைத்திருக்கிறார் என்றால் அந்தத் தம்பிக்கு ஆசை இன்னும் விடவில்லை. அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை வெட்டாமல் போடுங்கள்.

நான் ஊத்தங்கரையில் வசிக்கிறேன். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 1987இல் அமைப்பாளராகச் சேர்ந்து, 32 ஆண்டுகள் வேலை பார்த்து, 2019இல் ஓய்வு பெற்றேன். எங்கள் மையத்தின் பின்புறம் இரண்டு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு சின்னக் கீரைப் பாத்தி இருந்தன. சாம்பாரில் கீரை போட்டால் பிள்ளைகள் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவார்கள். அந்தப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்த பிறகு, எங்கள் கீரை என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். காய்கறி வளர்ப்பில் எனக்கு நம்பிக்கை வந்தது அந்தச் சாப்பாட்டுத் தட்டுகளைப் பார்த்துத்தான்.

ஓய்வுக்குப் பிறகு எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலுமாக ஒன்பது குடும்பங்கள் சேர்ந்து, ஏரிக்குக் கீழே 40 சென்ட் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தோம். நிலத்துக்காரர் பிள்ளைகளோடு ஓசூரில் இருக்கிறார். நிலம் சும்மா கிடந்து சீமைக்கருவேல் மண்டியிருந்தது. வெட்டி, வேர் பறித்து, ஆளுக்கு நான்கு சென்டாகப் பிரித்துக்கொண்டோம். கிணற்றுக்கும் நடைபாதைக்கும் மீதி. ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 1,500 ரூபாய் குத்தகை. கிணற்று மோட்டாருக்கு விவசாய இணைப்பு இருப்பதால் மின்சாரத்துக்குச் செலவில்லை, பழுது வந்தால் மட்டும் பங்கு போட்டுக்கொள்கிறோம். தண்ணீருக்கு முறை உண்டு. எனக்குச் செவ்வாயும் சனியும். எங்களில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், இட்லிக் கடை வைத்திருக்கும் தம்பதி, ஒரு தையல்காரர், பிளஸ் டூ படிக்கும் மகளோடு வரும் ஓர் அம்மா என்று பலர் இருக்கிறார்கள். எனக்கு அடுத்த பாத்தி, எண்பதை நெருங்கும் ஒரு பெரியம்மாவுடையது. அனுமன்தீர்த்தம் பக்கம் ஒரு காலத்தில் சொந்த நிலம் வைத்திருந்தவர். எனக்கு மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் விடக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

இனி இழப்புகள். தம்பிக்கு ஒரு கணக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

2020இல் 120 தக்காளி நாற்று நட்டேன். பூ வைக்கும் நேரத்தில் இலைகள் உள்பக்கமாகச் சுருண்டு, செடி குட்டையாகி நின்றுவிட்டது. 120 செடியில் ஒன்பது கிலோ காய்தான் எடுத்தேன். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ராயக்கோட்டையிலும் பாலக்கோட்டிலும் விலை விழும்போது கூடை கூடையாகத் தக்காளியைச் சாலையில் கொட்டிவிட்டுப் போகும் விவசாயிகளை நம் மாவட்டங்களில் பார்க்காதவர்கள் கிடையாது. அவர்களுக்கு ஏக்கர் கணக்கில் பயிர், லட்சக் கணக்கில் கடன். அவர்களிடம் போய் மனம் தளராதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களுக்கு வேண்டியது விலை. நான் பேசுவது வீட்டுக் கறிக்காக நான்கு சென்ட், ஐந்து சென்ட் வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களைப் பற்றி மட்டும்.

2022இல் வெண்டைக்கு மஞ்சள் நரம்புத் தேமல் நோய் வந்தது. முதல் நாள் ஒரே ஒரு செடியில், ஒரே ஒரு இலை. இலையின் நரம்புகள் மட்டும் மஞ்சளாகி, பச்சைத் துணியில் மஞ்சள் நூலால் வலை பின்னியதுபோல் இருந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. பத்தே நாளில் இலை முழுக்க மஞ்சள், அப்புறம் காயும் வெளுத்து நார் பிடித்தது. இந்த நோயைப் பரப்புவது வெள்ளை ஈ. செடிக்கு வந்துவிட்டால் எந்த மருந்தாலும் போகாது. பிடுங்கி எரிக்க வேண்டும், அவ்வளவுதான். நான் பிடுங்கவில்லை. 45 நாள் வளர்த்து, அன்றுதான் முதல் காய் பறித்த செடியைப் பிடுங்க யாருக்கு மனம் வரும்? ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்று விட்டேன். அந்த ஒரு வாரத்தில் என் பாத்தியிலிருந்து கண்டக்டர் அண்ணன் பாத்திக்கும் தையல்காரர் பாத்திக்கும் நோய் போய்விட்டது. அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் இரண்டு நாள் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் விடியற்காலையில் போய்த் தண்ணீர் விட்டுவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் கண்டக்டர் அண்ணன் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். "எல்லாருமே சேர்ந்து பிடுங்கிடலாம்மா, உங்க பாத்தியிலேயே ஆரம்பிப்போம்" என்றார். நான்கு பேர் ஒரு மணி நேரத்தில் மூன்று பாத்தியையும் காலி செய்து, கிணற்றுமேட்டில் போட்டுக் கொளுத்தினோம்.

அதன்பின் வேப்பங்கொட்டைக் கரைசலை நாங்கள் விட்டதே இல்லை. லிட்டருக்கு 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து, மறுநாள் வேட்டித் துணியில் வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கிறோம். ஒருவர் பாத்தியில் மட்டும் தெளித்தால் பூச்சி அடுத்த பாத்தியில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதால் ஒன்பது பாத்திக்கும் ஒரே மாலையில் தெளிக்கிறோம்.

2024 கோடையில் கிணறு வற்றியது. வீட்டிலிருந்து சைக்கிளில் குடம் கட்டி எடுத்துப் போய்க் கத்தரியை மட்டும் காப்பாற்றினேன். அந்த வருடக் கடைசியில்தான் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகிற நாள் வந்தது.

நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. கடலுக்கும் நமக்கும் எவ்வளவு தூரம், நமக்கு என்ன வரப்போகிறது என்றிருந்தோம். டிசம்பர் 1, ஞாயிறு இரவு கொட்டத் தொடங்கியது. திங்கள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33 சென்டிமீட்டர். ஒரு வருடம் முழுக்க எங்களுக்குப் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில் இறங்கியது. சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் இழுத்துக்கொண்டு போன காட்சியைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. வீடிழந்தவர்கள், கடையிழந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் மத்தியில் நின்றுகொண்டு என் அவரைப் பந்தல் போய்விட்டதே என்று வாய்விட்டுச் சொல்லவும் எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஆனால் போய்விட்டது. அது கார்த்திகை மாதம். ஆடியில் ஊன்றிய அவரை அப்போதுதான் பந்தல் முழுக்க ஊதாப் பூவாக நின்றது. தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தேன். பந்தல் கால்கள் வேலியோடு சேர்ந்து சாய்ந்து கிடந்தன. கொடிகள்மேல் வைக்கோலும் பிளாஸ்டிக் பையும் சுற்றியிருந்தன. பாத்தி, வரப்பு, வாய்க்கால் எதையும் அடையாளம் தெரியாதபடி முழங்கால் உயரத்துக்கு வண்டலும் மணலும் மூடியிருந்தன. என்னுடைய நான்கு சென்ட் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. வேலிக் கல்லை எண்ணித்தான் கண்டுபிடித்தேன். திரும்பி வந்தவள் அதன்பின் ஒன்பது நாள் அந்தப் பக்கம் போகவில்லை.

தம்பி, உங்கள் மனநிலை எனக்குத் தெரியும் என்று சொல்ல எனக்கு உரிமை தருவது அந்த ஒன்பது நாள்தான்.

பத்தாம் நாள், நனைந்து போன பொருள்களை வெயிலில் உலர்த்தும்போது என் தோட்டப் பதிவேடு கையில் கிடைத்தது. 32 ஆண்டு சத்துணவு மையத்தில் அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை என்று வரவு, செலவு, இருப்பு எழுதிப் பழகிய கை. தோட்டத்துக்கும் அதே மாதிரி நீள நோட்டில் கோடு போட்டு எழுதி வருகிறேன். பறித்ததை வீட்டுத் தராசில் நிறுத்து, அன்றைக்கே எழுதிவிடுவேன். அதற்குமுன் நான் கூட்டிப் பார்த்ததில்லை. அன்று பொழுது போகாமல் 2024ஆம் ஆண்டைக் கூட்டினேன். கிணறு வற்றிய வருடம், வெள்ளம் வந்த வருடம், எல்லாம் பாழ் என்று நான் நினைத்த வருடம். வெண்டை 38 கிலோ. கத்தரி 51. தக்காளி 23. முள்ளங்கி 19. பாகல் 7. கீரை மட்டும் 210 கட்டு. இத்தனையையும் எங்கள் வீட்டில் தின்றோம், தெருவுக்குக் கொடுத்தோம். எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. சாய்ந்த பந்தல் மட்டும் கண்முன் நின்றது.

பறித்த நாள்கள் நினைவில் தங்குவதில்லை. கறியாகி அன்றைக்கே வயிற்றுக்குள் போய்விடுகின்றன. ஆடு மேய்ந்த நாள் மட்டும் தேதி, கிழமையோடு நினைவிருக்கும். அதனால்தான் எழுதிவைக்கச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் மூன்று இழப்புகளை வரிசையாகச் சொல்லியிருந்தீர்கள். இரண்டு வருடத்தில் எத்தனை கிலோ பறித்தீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. ஒன்றுமே பறிக்காமலா இருந்திருப்பீர்கள்?

பதிவேட்டை மூடிவிட்டு அன்று மாலையே தோட்டத்துக்குப் போனேன். பெரியம்மா அங்கே இருந்தார். நான் வராத ஒன்பது நாளும் அவர் வந்திருக்கிறார். வேலை ஒன்றும் செய்ய முடியாது, அவருக்கு வண்டல் அள்ளும் வயதும் இல்லை. வேலிக் கல்லில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். "நான் வரலைன்னா மண்ணு அநாதையாயிடும்" என்றார். பிறகு குனிந்து வண்டலில் ஓரிடத்தைக் காட்டினார். இரண்டு விரல் உயரத்தில் தண்டங்கீரைக் கன்றுகள் செக்கச்செவேல் என்று முளைத்திருந்தன. யாரும் விதைக்கவில்லை. எங்கிருந்தோ வெள்ளத்தில் வந்த விதை. அவற்றைச் சுற்றி நான்கு கற்களை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். பதினைந்து நாள் கழித்து அந்தக் கீரையைத்தான் நாங்கள் இருவரும் பங்கு போட்டுக் கடைந்து, களிக்குத் தொட்டுக்கொண்டோம்.

வண்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏரி வண்டலுக்காக விவசாயிகள் டிராக்டர் வைத்துக் காத்திருப்பார்கள், அவ்வளவு சத்து. எங்களுக்கு ஏரியே கொண்டுவந்து கொட்டியிருந்தது. கண்ணாடித் துண்டும் செருப்பும் பிளாஸ்டிக்கும் கலந்து கிடந்ததைப் பொறுக்க மட்டும் மூன்று வாரம் ஆனது. ஒன்பது குடும்பமும் ஞாயிறுதோறும் காலையில் வந்தோம். இட்லிக் கடைத் தம்பி கடை மூடியதும் மீந்த இட்லியைத் தூக்குவாளியில் கொண்டுவந்துவிடுவார். மணல் படிந்த பக்கத்தில் முள்ளங்கியும், வண்டல் படிந்த பக்கத்தில் கத்தரியும் தைப் பட்டத்தில் வைத்தோம். நாற்று போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் வாங்கியது. முள்ளங்கி 45 நாளில் வந்தது. மணலில் போனதால் ஒரு வேர்கூடப் பிளக்காமல் நேராக, முழங்கை நீளம் இருந்தது. கத்தரியோ, நான் இந்த ஏழு வருடத்தில் பார்க்காத காய்ப்பு. வெள்ளம் வந்ததே நல்லது என்று சொல்ல மாட்டேன். அந்த இரவில் ஊர் பட்ட பாடு எனக்குத் தெரியும். கத்தரி காய்த்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அவரைக்குத்தான் விதை இல்லை. என் விதையெல்லாம் வீட்டுத் தாழ்வாரத்தில் டப்பாவில் இருந்தது, நனைந்து பூசணம் பிடித்துவிட்டது. கடையில் கிடைப்பது செடி அவரை. எனக்கு வேண்டியது எங்கள் பக்கத்துக் கொடி அவரை. மார்கழி தையில் அதன் முற்றிய பருப்பை இரவு ஊறவைத்து, கட்டைவிரலால் ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோல் நீக்கி வைக்கும் பிதுக்கம்பருப்புக் குழம்புக்கு ஈடு கிடையாது. ஊரே பிதுக்கிக்கொண்டிருக்கும் மாதம் அது. போன வருடம் ஆனியில் பெரியம்மா என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். மேட்டுத் தெருவில் இருப்பதால் அவர் வீட்டில் தண்ணீர் ஏறவில்லை. பரண்மேலிருந்து ஒரு சுரைக்குடுக்கையை இறக்கச் சொன்னார். வாயைச் சாணத்தால் அடைத்திருந்தார். உடைத்துக் கவிழ்த்ததும் சாம்பல் கொட்டியது. சாம்பலுக்குள் விரலை விட்டுத் துழாவி எடுத்தார். கருப்பு விதைகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெள்ளைக் கோடு, நகத்தால் சுண்ணாம்பு தடவியதுபோல். தன் மாமியாரிடமிருந்து வந்த விதை என்றார். அனுமன்தீர்த்தத்து நிலம் கைவிட்டுப் போனபோது அந்தக் குடும்பம் எடுத்துக்கொண்டு வந்தவற்றில் இன்றைக்கு மிச்சம் இருப்பது இந்த விதைதான். முப்பது எண்ணி என் முந்தானையில் போட்டார். 28 முளைத்தன.

இப்போது நான் எப்படித் தோட்டம் செய்கிறேன் என்று கேட்டால், பெரியம்மாவைப்போல் நானும் தினமும் போகிறேன். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும். மூட்டு வலிக்கும் நாளில் வேலிக் கல்லில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். நாலு நாள் போகாமல் விட்டு ஐந்தாம் நாள் போகிறவர்களுக்குத்தான் களையும் பூச்சியும் மலைபோல் தெரியும். தினம் போகிறவர்களுக்கு அது ஒரு கைப்பிடிக் களை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைப்பதையும் விட்டுவிட்டேன். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது சரிதான், ஆனால் ஆடி முதல் நாளே மொத்த விதையையும் கொட்ட வேண்டியதில்லை. வெண்டையை மூன்று பங்காக்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு பங்கு ஊன்றுகிறேன். மயில் கொத்தினால் ஒரு பங்குதான் போகும், அடுத்த பங்கு கையில் இருக்கும். கீரை எப்போதும் ஒரு பாத்தியில் இருக்கும், 25 நாளில் கைக்கு வந்துவிடும். தண்ணீர் எட்டாத மேற்கு ஓரத்தில் கொள்ளு போடுகிறேன். காவேரிப்பட்டணம் அருகே பையூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பையூர் 2 ரகம். யாரும் கவனிக்காவிட்டாலும் அது தன்பாட்டுக்கு வந்துவிடும். மற்றதெல்லாம் கைவிட்ட மாதத்திலும் பறிக்க ஏதோ ஒன்று இருக்க வேண்டும். வெறும் கையோடு வீட்டுக்குத் திரும்பும் நாள்கள் தொடர்ந்தால் யாருக்கும் காலடி தயங்கும்.

என் வீட்டுக்காரர் முன்பெல்லாம் கேட்பார், கடையில் 20 ரூபாய்க்குக் கிடைக்கும் கத்தரிக்காய்க்கு ஏன் இந்தப் பாடு என்று. அவருக்குச் சர்க்கரை நோய். 2021இல் இருந்து என்னோடு தோட்டத்துக்கு நடந்து வருகிறார், பாகல் பந்தல் அவர் பொறுப்பு. இப்போது கேட்பதில்லை.

ஆசிரியர் அவர்களே, தம்பிக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். உங்கள் மூலமாக ஊருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தம்பி தனியாகச் செய்தார். அவருடைய வெண்டையை ஆடு மேய்ந்த அன்று, எங்கள் கண்டக்டர் அண்ணனைப்போல் ஒருவர் வந்து உட்கார ஆள் இல்லை. அதுதான் எனக்கு மிகவும் வருத்தம். என் மகள் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் செவிலியராக இருக்கிறாள். அங்கே உள்ளாட்சி மன்றங்கள் பொது நிலத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஆண்டு வாடகைக்குக் காய்கறி போடக் கொடுக்கின்றன. அலாட்மென்ட் என்று பெயர். முழுத் துண்டு என்பது சுமார் 250 சதுர மீட்டர், நம் கணக்கில் ஆறு சென்டுக்குக் கொஞ்சம் மேல். 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊர் வாக்காளர்கள் ஆறு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் அந்தக் கோரிக்கையை மன்றம் பரிசீலித்தே ஆக வேண்டும். ஆறே பேர்! இரண்டாம் உலகப் போரின்போது அந்த நாட்டுக்குச் சோறு போட்டதில் இந்தத் துண்டு நிலங்களுக்கும் பங்கு உண்டு.

மகளோடு வேலை பார்க்கும் ஓர் அம்மாள் அப்படி ஒரு துண்டு வைத்திருக்கிறாராம். மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், போனில் காணொளியில் எனக்குக் காட்டினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. உருளைக்கிழங்குச் செடிகள் முழுவதும் கருகல் நோயில் கருத்துப்போய் நின்றன. முட்டைக்கோஸைப் புறா தின்றுவிட்டது, மற்றதை ஓடில்லாத நத்தை தின்றுவிட்டது. ஆனால் அந்த அம்மாள் பக்கத்துத் துண்டுக்காரர் கொடுத்த பூசணியை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். அவர் பாஷை எனக்குப் புரியவில்லை. ஆனால் எங்கள் கிணற்றுமேட்டில் நின்று பார்ப்பதுபோல்தான் இருந்தது.

நம் ஊர்களில் பெரிய மனைப்பிரிவு போட்டால் பத்தில் ஒரு பங்கு இடத்தைப் பொது உபயோகத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் அப்படி ஒதுக்கிய இடங்கள் பலவற்றில் பார்த்தீனியமும் கருவேலமும்தான் வளர்கின்றன. பூங்கா வந்தால் மகிழ்ச்சி. அது வரும் வரையாவது, ஓரமாக ஒரு பகுதியை அந்தத் தெருக்காரர்களுக்கே இரண்டு சென்ட், மூன்று சென்டாக ஆண்டு வாடகைக்குக் கொடுக்கலாம். நிலமில்லாத குடும்பங்களுக்கும் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் முன்னுரிமை தரலாம். ஒரு ஆழ்துளைக் கிணறும் ஒரு கம்பி வேலியும் போதும், மற்றதை மக்களே பார்த்துக்கொள்வார்கள். உள்ளாட்சியில் இருப்பவர்கள் இதைக் கனிவோடு பரிசீலிக்க வேண்டும். எங்கள் ஒன்பது குடும்பத்தின் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு வந்து விளக்கிச் சொல்ல நான் தயார்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சிறு காகித உறை வைத்திருக்கிறேன். அதில் இருபது அவரை விதைகள் இருக்கின்றன. பெரியம்மாவின் விதையிலிருந்து இந்தத் தையில் நான் எடுத்தவை. அந்தத் தம்பியின் முகவரி உங்களிடம் இருக்கும், தயவுசெய்து அனுப்பிவையுங்கள். ஆடிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

தம்பி, வேலியோரமாக முழ ஆழத்தில் குழி எடுத்து, மக்கிய சாண எரு ஒரு கூடையும் ஒரு கைப்பிடி சாம்பலும் போட்டு மூடி வையுங்கள். விதையை ஓர் இரவு ஊறவைத்து, குழிக்கு இரண்டாக, வெள்ளைக் கோடு கீழே பார்க்கும்படி ஊன்றுங்கள். முள்கிளை வெட்டி மேலே கவிழ்த்துவிட்டால் மயில் கிட்டே வராது. படலுக்குக் கயிறு போதாது, சங்கிலி போடுங்கள். ஒரு வாரத்தில் முளைக்கும். இருபதையும் ஒரே நாளில் ஊன்றிவிடாதீர்கள். ஒருவேளை எல்லாமே போய்விட்டாலும் எழுதுங்கள். குடுக்கையில் இன்னும் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி மாவட்டம்.